ஏற்காட்டு மலை நடைக்கு டிராக்கா, ரூட்டா?

கையடக்க ஜிபிஎஸ் கருவியுடன் சேர்வராயன் மலையில் நடக்கக் கிளம்புகிறவர், அதில் டிராக்கை ஏற்றுவதா, ரூட்டை ஏற்றுவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. டிராக் என்பது ஏற்கெனவே ஒருவர் நடந்த தடம். வழிநெடுகக் கருவி குறித்துக்கொண்ட நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒரே கோடாகத் திரையில் தெரியும். ரூட் என்பதோ நாம் தேர்ந்தெடுத்த சில வேபாயின்ட்டுகளின், அதாவது கருவியில் குறித்துவைத்த இடப்புள்ளிகளின், வரிசை மட்டுமே. இரண்டு வேபாயின்ட்டுகளுக்கு நடுவில் பள்ளம் இருக்கிறதா, பாதை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுக்கு ஒரு வேபாயின்ட் வைத்து ரூட் போட்டாலும், நேர்கோட்டு முறையில், அடுத்த வேபாயின்ட்டை நோக்கித் திரையில் தெரியும் அம்பு சரிவுக்குக் குறுக்கேதான் காட்டும். சாலையில் போகும்வரை அதனால் கெடுதல் இல்லை; காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அதே அம்பை நம்பினால், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஏதாவதொரு கம்பிவேலியில் போய் நிற்க நேரும். சாலைவழி முறையில் வைத்திருந்தால், கருவி தன் வரைபடத்தைப் பார்த்து ரூட்டையே மாற்றிக் கணக்கிட்டு, நம்மைத் தார்ச்சாலைக்கு இழுத்துச் செல்லும்.

ஆகவே தோட்டப் பாதைகளுக்கு டிராக்கையே நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. அடர்ந்த மரநிழலிலும், கிளியூர் அருவிப் பக்கத்துப் பள்ளங்களிலும் சிக்னல் எதிரொலித்துக் கோடு சில மீட்டர் விலகி விழும். அருகருகே இரண்டு பாதைகள் பிரிகிற இடத்தில் எது சரியென்று திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஐம்பது அடி நடந்து, கோட்டிலிருந்து விலகுகிறோமா என்று பார்த்த பிறகே தெரியும். இத்தகைய பிரிவுகளில் முன்கூட்டியே தனித்தனி வேபாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கைக் கொடுத்தவர் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் கோடு நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும். அதைக் கணினியில் நீக்கிவிடலாம். பழைய கருவிகள் சில, சேமித்த டிராக்கில் 500 புள்ளிகளுக்கு மேல் ஏற்காமல் மிச்சத்தை வெட்டிவிடும். புள்ளிகளைக் குறைத்தபின் வளைவுகள் தப்பினவா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

ரூட்டுக்கும் இங்கே இடமுண்டு. 1,623 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் கோயில் இருக்கும் திறந்த மேட்டில், மூடுபனி இறங்கி எதிரே எதுவும் தெரியாதபோது, திசையும் எஞ்சிய தூரமும் சொல்லும் அம்பே போதுமானது. மின்திசைகாட்டி இல்லாத கருவியில் அந்த அம்பு நடக்கும்போது மட்டுமே சரியாகக் காட்டும், நின்றுகொண்டு பார்த்தால் ஏமாற்றிவிடும்.