பிள்ளைக்கு அடிக்கடி கெட்ட கனவா? பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை ராத்திரியில் அலறினால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எங்கே போய்ப் பயந்துட்டு வந்தான்?" என்பதுதான். மறுநாளும் அலறினால் கோயிலில் கயிறு கட்டலாமா என்று பேச்சு வரும். கட்டுங்கள். நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வையுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. பாட்டி கையால் பூசினால் பல பிள்ளைகளுக்கு உண்மையிலேயே மனம் அடங்கும். ஆனால் பிள்ளையின் காதுபட, "என்னத்தையோ பார்த்திருக்கு", "அந்த மரத்தடி வழியா ஏன் கூட்டிட்டுப் போனே?" என்று பேசாதீர்கள். வெறும் கனவு என்று நம்பத் தயாராக இருந்த பிள்ளைக்கு, அது நிஜம்தான் என்று வீடே சாட்சி சொன்னதாகிவிடும்.

மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் கெட்ட கனவு வருவது ரொம்பச் சாதாரணம். அந்த வயதில் கற்பனை வேகமாக வளர்கிறது. எது நிஜம், எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ராத்திரி அலறல் எல்லாம் கெட்ட கனவு இல்லை. ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளை பத்தரை, பதினொன்றுக்கே எழுந்து உட்கார்ந்து கத்துகிறது. கண் திறந்திருக்கிறது, உடம்பு வியர்க்கிறது, அம்மா தூக்கினால் அம்மாவையே தள்ளிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் தூக்கத் திகில். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை அது. காலையில் கேட்டால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட கனவு அப்படி இல்லை. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ரெம் தூக்கத்தில் வருவது அது. அந்தத் தூக்கம் இரவின் பிற்பாதியில்தான் அதிகம் என்பதால், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வரும். பிள்ளை முழுதாக விழித்துக்கொள்ளும், உங்களைத் தேடி ஓடி வரும், கனவைச் சொல்லவும் செய்யும்.

தூக்கத் திகிலில் இருக்கும் பிள்ளையை உலுக்கி எழுப்புவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது, எல்லா விளக்கையும் போடுவது, இவை எல்லாம் நிலைமையை மோசமாக்கும். பக்கத்தில் இருந்து, விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். காலையில் "நேத்து என்ன கனவு கண்டே?" என்று கிளறவும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் முன்பே பிள்ளையை மெல்லத் தட்டி லேசாக விழிக்க வைத்து மறுபடி தூங்க விடும் முறை உண்டு. அதைச் சில வாரம் செய்து பார்க்கலாம்.

கெட்ட கனவு கண்டு வரும் பிள்ளையிடம் இரண்டு விதமாகத் தவறுகிறோம். ஒன்று, "ஒன்னும் இல்ல, பேசாம படு" என்று விரட்டுவது. இன்னொன்று, நாலு மணிக்கு விசாரணைக் கமிஷன் வைப்பது: யார் வந்தா, எப்படி இருந்தா, ஏன் துரத்தினா? இரண்டாவதுதான் நல்ல பெற்றோர் செய்வது, ஆனால் பயத்தை அது இன்னும் விழிக்க வைக்கிறது. ராத்திரியில் பேச்சு குறைவாக இருக்கட்டும். அணைத்துக்கொண்டு, "கனவுதான் கண்ணு, அம்மா இங்கேதான் இருக்கேன்" என்று தினமும் அதே வார்த்தைகளைச் சொன்னால் போதும். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பேய் தேடிக் காட்டுவதும், பேய் விரட்டும் தண்ணீர் என்று எதையாவது தெளிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. இல்லாத ஒன்றைத் தேடினால், இருந்தாலும் இருக்கும் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். சமாதானப்படுத்தப் போனைக் கையில் கொடுப்பது அதைவிட மோசம். பெற்றோரோடு சேர்ந்து படுப்பது நம் குடும்பங்களில் புதிதா என்ன, பயந்த பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டால் அது ஒரு குற்றமும் இல்லை.

நிறையப் பேச வேண்டிய நேரம் பகல். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கலர் பென்சில் கொடுத்துக் கனவை வரையச் சொல்லுங்கள். அப்புறம் முடிவை மாற்றச் சொல்லுங்கள். கோலாலம்பூரின் செந்தூலில் பதினைந்தாவது மாடியில் வசிக்கும் பிள்ளைக்கு லிஃப்ட் கதவு திறக்காத கனவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லிஃப்டில் ஒரு பச்சைப் பொத்தானை அது வரையட்டும். அழுத்தினால் கதவு திறந்து நேராகப் பாட்டி வீட்டு வாசல். முடிவைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. புது முடிவைத் தினமும் பகலில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கனவுகளுக்கு மனநல நிபுணர்களும் இதே வழியைத்தான் கையாள்கிறார்கள்.

அடுத்தது தூக்கக் கணக்கு. நம் ஊரில் இதில்தான் பெரிய ஓட்டை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது; கோலாலம்பூரில் சூரியன் மறையவே ஏழு, ஏழரை ஆகிவிடும். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு, வீட்டுப்பாடம், சில நாள் பத்து மணிக்கு மாமாக் கடை என்னும் இந்திய முஸ்லிம் உணவகம். அங்கே பெரியவர்கள் பந்து விளையாட்டுப் பார்க்க, பிள்ளை கையில் போன், முன்னால் தே ஓ ஐஸ், அதாவது பால் கலக்காத ஐஸ் தேநீர். தேநீரில் காஃபின் உண்டு என்பதே பலருக்கு அந்நேரம் நினைவிருக்காது. பள்ளி வேன் பல வீடுகளில் ஆறே காலுக்கெல்லாம் வந்துவிடும். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும். பத்தரைக்குப் படுத்து ஐந்தேமுக்காலுக்கு எழும் பிள்ளைக்கு ஏழேகால் மணி நேரம்தான் கிடைக்கிறது. தூக்கம் குறைந்தால் கெட்ட கனவும் கூடும், தூக்கத் திகிலும் கூடும்.

சாப்பிட வைக்க "பூச்சாண்டி வருவான்", "போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்", "ஹந்து (மலாயில் பேய்) நிக்குது பார்" என்று மிரட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்திவிடுங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் சொல்லிவிடுங்கள். பினாங்கில் சீனர்கள் ஆவிகளின் மாதமாகக் கருதும் ஏழாம் மாதத்தில் தெருவோரம் நிற்கும், 'தாய் சூ யா' என்ற ஆவிகளின் அரசன் உருவமும், தைப்பூசத்தில் அலகு குத்திய முகங்களும் சின்னப் பிள்ளையை மிரள வைக்கலாம். கண்ணை மூடி இழுத்துக்கொண்டு ஓடுவதைவிட, போகும் முன்பே வீட்டில் என்ன, ஏன் என்று சொல்லிக் கூட்டிப்போவது நல்லது.

தூங்க வைப்பதற்காக இருமல் மருந்து கொடுப்பது ஆபத்தான பழக்கம். ஆஸ்துமாவுக்கும் மூக்கு ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் மோன்டெலுகாஸ்ட் என்ற மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவையும் மனநிலை மாற்றத்தையும் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. உங்கள் பிள்ளை அதைச் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

வாரத்தில் பல நாள், வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, படுக்கப் போகவே பிள்ளை பயந்தாலோ, குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று வந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ பக்கத்து அரசு கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அலறலைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் டாக்டருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு பிள்ளை ஒதுங்கினால் கனவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "அங்கே உனக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அது சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். வதை, துன்புறுத்தல் என்று சந்தேகம் எழுந்தால் மலேசிய அரசின் உதவித் தொலைபேசி 'தாலியான் காசே' (Talian Kasih), 15999. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.