எரிமலைக் காட்டில் ஓடை கடப்பது எப்படி? சிங்கப்பூரிலிருந்து முதல்முறை கிளம்புவோருக்கு

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் தும்பாக் செவு அருவிக்குப் போய் வந்த படங்களைக் குடும்பக் குழுவில் போட்டதிலிருந்து, "அக்கா, நாங்களும் போகிறோம், என்னென்ன வேண்டும்?" என்று கேட்டு வரும் செய்திகள் நிற்கவில்லை. டிக்கெட் எடுப்பதும் அறை பிடிப்பதும் உங்களுக்கே தெரியும். சுராபாயாவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து அருவி இருக்கும் லுமாஜாங் பக்கம் போக, தங்கும் விடுதிக்காரர்களே கார் ஏற்பாடு செய்து தருவார்கள். அதற்குப் பிறகு வருவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்: காட்டுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, ஓடைகளைக் கடந்து நடப்பது. நான் இரண்டு முறை போனேன். முதல்முறை தண்ணீரில் விழுந்தேன், இரண்டாம் முறை விழவில்லை. நடுவில் கற்றுக்கொண்டது கீழே இருக்கிறது.

ஜாவானிய மொழியில் செவு என்றால் ஆயிரம். சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து, அரைவட்டமான பாறைச் சுவர் முழுக்க நூல் நூலாகத் தண்ணீர் இறங்குகிறது. அத்தனையும் செமேரு மலைப் பக்கத்துத் தண்ணீர். செமேரு 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரமான மலை, இன்றும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை. நம் புக்கிட் தீமா 163 மீட்டர்தான். இந்த வித்தியாசம் மூச்சு வாங்குவதில் மட்டும் இல்லை. புக்கிட் தீமாவில் மழை பெய்தால் நீங்கள் நனைவீர்கள், உங்களுக்கே தெரியும். செமேரு உச்சியில் பெய்தால், கீழே வெயிலில் நிற்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் வந்து சொல்லும்போதுதான் தெரியும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் பள்ளி விடுமுறை நல்லது. அப்போது கிழக்கு ஜாவாவில் வறண்ட காலம். நவம்பர், டிசம்பர் விடுமுறை வேண்டாம். ஆறு வாரம் கிடைக்கிறது என்று பலரும் அப்போதுதான் திட்டம் போடுகிறார்கள், ஆனால் அது அங்கே மழைக்காலம். விலை குறைவாகக் கிடைத்தாலும் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பயணத்துக்கு அந்த மாதங்களை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் போகலாம்.

படி 2: எரிமலையின் நிலையைப் பாருங்கள்

இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்புத் தகவல் 'மாக்மா இந்தோனேசியா' தளத்தில் வருகிறது. நான்கு நிலைகள்: நோர்மால், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மலாய் தெரிந்தவர்களுக்கு இவை புரியும், ஆனால் வரிசைதான் முக்கியம். ஆவாஸ் உச்ச எச்சரிக்கை. நான் வாஸ்பாடா வரை போவேன். சியாகா வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிவைப்பேன்.

நிலையோடு நிறுத்தாமல் கீழே உள்ள பரிந்துரைகளையும் படியுங்கள். எந்த ஆற்றுப் பக்கம் போகக்கூடாது, எத்தனை மீட்டர் விலக வேண்டும் என்று ஆற்றின் பெயரோடு எழுதியிருப்பார்கள். செமேருவின் தென்கிழக்கில் இறங்கும் பெசுக் கொபோகான் ஆறு அடிக்கடி அதில் வரும். தும்பாக் செவுக்குக் கீழே ஓடுவது கிலிடிக் ஆறு. நீங்கள் நடக்கப்போவது எந்த ஆற்றில் என்று தெரியாமல் கிளம்பாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2021 டிசம்பர் 4 அன்று செமேரு வெடித்தபோது 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லுமாஜாங்கையும் மாலாங்கையும் இணைத்த கிளாடாக் பேராக் பாலம் இடிந்து விழுந்தது. வெடிப்பு முடிந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. மலைச்சரிவில் தங்கிய சாம்பலும் மணலும் கல்லும் அடுத்த பெருமழையில் சேறாகக் கரைந்து ஆற்று வழியே பாய்ந்து வரும். அதற்குப் பெயர் லஹார். உலகெங்கும் புவியியலாளர்கள் சொல்லும் இந்தச் சொல்லே ஜாவானிய மொழியிலிருந்து போனதுதான். அந்த மக்கள் அதை எவ்வளவு காலமாகப் பார்த்து வருகிறார்கள் என்று இதிலிருந்தே தெரியும்.

படி 3: இங்கேயே பழகுங்கள்

வீவக அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். நான் எங்கள் புளோக்கில் 12 மாடி ஏறி, மின்தூக்கியில் வராமல் நடந்தே இறங்கினேன். முதுகில் ஆறு கிலோ அரிசி மூட்டை. இறங்குவதுதான் பயிற்சி, ஏனென்றால் தும்பாக் செவுவில் முதலில் வருவது செங்குத்தான இறக்கம்: மூங்கில் ஏணி, கயிறு, வழுக்கும் படி. முட்டி நடுங்கிப் போய் ஓடைக்கரையில் நின்றால் கடப்பது சிரமம்.

நம் இயற்கை வனப்பகுதிகளில் பாதையை விட்டு இறங்கி ஓடையில் பழகக்கூடாது, அபராதம் உண்டு. ஓடையைக் கடக்கத் தேவையான பக்கவாட்டு நடையை (படி 5-ல் வருகிறது) சாங்கி கடற்கரையில் முழங்கால் ஆழத்தில் பழகலாம். இன்னும் நல்லது, ஒரு நாள் ஜோகூருக்குப் போய் கோத்தா திங்கி அருவிப் பக்கம் கால் நனைப்பது.

படி 4: காலணியும் பையும்

நீர்புகாத் துணி வைத்த விலையுயர்ந்த பூட்ஸ் வாங்காதீர்கள். வெளியிலிருந்து தண்ணீர் புகாது என்பது உண்மை. மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேயும் போகாது. ஓடையில் இரண்டு வாளியைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும்.

எனக்குப் பிடித்தது மலேசியாவில் 'அடிடாஸ் கம்போங்' என்று சொல்லும் கறுப்பு ரப்பர் காலணி. ரப்பர் மரம் சீவுகிறவர்கள் போடுவது. ஜோகூர் பாருவில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். முழுக்க ரப்பர், அடியில் முள் முள்ளாகக் குமிழ்கள், ஈரப்பாறையில் பிடிக்கும், தண்ணீரைக் குடிக்காது. ஒரு எண் பெரிதாக வாங்கிக் கெட்டியான காலுறை போடுங்கள். பாதம் அகலமாக உள்ளவர்களுக்குக் கடிக்கும். அவர்கள் வலைத்துணியால் ஆன ஓட்டக் காலணி போடலாம்.

பைக்குள் அடுக்குவதை என் தம்பி தேசிய சேவையில் கற்ற மாதிரியே செய்யுங்கள்: மாற்றுத்துணி, கைப்பேசி, கடப்பிதழ் ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப்லாக் பையில், காற்றை நன்றாக அழுத்தி எடுத்துவிட்டு. பைக்கு மேலே போடும் மழை உறையை நம்ப வேண்டாம், ஓடையில் அதுவே தண்ணீரைப் பிடித்து இழுக்கும். பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் நீர்புகாப் பைகள் கிடைக்கும். அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் ஒன்று. தலைக்கவசத்தை வழிகாட்டியிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள், மேலிருந்து கல் விழும் இடம் அது.

படி 5: ஓடையைக் கடப்பது

இங்கேதான் நான் விழுந்தேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதல்முறை, புதுக் காலணி நனையக்கூடாது என்று கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பையின் இடுப்பு வாரும் நெஞ்சு வாரும் இறுக்கமாக மாட்டியிருந்தன. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். கரைக்கு நான்கு எட்டு இருக்கும்போது கூரான கல் ஒன்று பாதத்தில் குத்தியது, காலைத் தூக்கினேன், அவ்வளவுதான். பை மிதந்து என்னைக் குப்புறத் தள்ளியது. முகம் தண்ணீருக்குள், பை முதுகின்மேல், வாரைக் கழற்றக் கை போகவில்லை. எங்கள் வழிகாட்டி பையின் மேல்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்தச் சில நொடிகளை நான் மறக்கவில்லை.

ஆகவே, காலணியைக் கழற்றாதீர்கள். தண்ணீரில் கால் வைக்கும் முன் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் அவிழ்த்துவிடுங்கள். தோள்வார் மட்டும் போதும். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும்.

இடம் பார்ப்பது அடுத்தது. ஓடை குறுகலாக இருக்கும் இடம் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அகலமாகப் பரந்து, மேலே சிற்றலை தெரியும் இடம் நல்லது. நிற்கும் இடத்திலிருந்து கீழ்ப்பக்கம் பாருங்கள்: விழுந்தால் எங்கே போய்ச் சேருவேன்? மரக்கட்டை அடைசலோ அருவி விளிம்போ இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

ஒரு சுள்ளியைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கரையோரமாக நடக்கும் வேகத்தைவிட அது வேகமாகப் போனால் கடக்காதீர்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆழம் கூடினால் தண்ணீர் தள்ளும் பரப்பும் கூடும், கணுக்கால் ஆழத்தில் தைரியமாக நின்றவர் முழங்கால் ஆழத்தில் தடுமாறுவது அதனால்தான். முழங்காலுக்கு மேல் என்றால், வேகமும் இருந்தால், நான் திரும்பிவிடுவேன்.

இனி நடை. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து முன்னால் ஊன்றி அதன்மேல் சாயுங்கள். நண்டு போலப் பக்கவாட்டில் நகருங்கள். கம்பு, இடது கால், வலது கால் என்ற மூன்றில் எப்போதும் இரண்டு தரையில் இருக்க வேண்டும். கால்களைப் பின்னாதீர்கள். ஓடும் தண்ணீரையே உற்றுப் பார்த்தால் தலை சுற்றும், அக்கரையையும் இடையிடையே பாருங்கள். எரிமலை மணல் பாதத்துக்கு அடியில் கரைந்து இறங்கும், ஒரே இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

கயிறு கட்டியிருந்தால் அதற்குக் கீழ்ப்பக்கம் நின்று பிடித்துக்கொள்ளுங்கள், அதாவது தண்ணீர் முதலில் கயிற்றைத் தொட்டு, பிறகு உங்களைத் தொட வேண்டும். கயிற்றை ஒருபோதும் உடம்பில் கட்டாதீர்கள். விழுந்தால் அது தண்ணீருக்கு அடியிலேயே உங்களைப் பிடித்து வைக்கும்.

மீறி விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் இரண்டும் கீழ்ப்பக்கம் நீட்டி மிதந்து போங்கள். எழுந்து நிற்க அவசரப்பட்டால் பாறை இடுக்கில் கால் சிக்கும்.

கம்பு பற்றி: வழிகாட்டி வெட்டித் தரும் மூங்கில்தான் என் தேர்வு. முறுக்கி நீட்டும் மடக்குக் கம்புக்குள் சாம்பல் மணல் புகுந்தால் பூட்டு வழுக்கும், எனக்கு நடுவழியில் சுருங்கிவிட்டது. மடக்குக் கம்புதான் வேண்டும் என்றால் நெம்பிப் பூட்டும் வகையை வாங்குங்கள்.

படி 6: தண்ணீர் சொல்வதைக் கேளுங்கள்

காலை ஆறு மணிக்கு இறங்கி, பதினொன்றுக்குள் மேலே வந்துவிடுங்கள். மலைப்பகுதியில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கூடும். புதுச் சாம்பல் படிந்த சரிவு தண்ணீரை உறிஞ்சாது, பெய்தது அப்படியே ஓடைக்கு வரும். நிறம் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, கல் உருளும் தாழ்ந்த ஓசை: எது வந்தாலும் ஓடையின் போக்கிலேயே ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேலே ஏறுங்கள்.

சில சொற்களைக் காதில் பழக்கிக்கொள்ளுங்கள். 'ஆயர் நாயிக்' என்றால் தண்ணீர் ஏறுகிறது. 'பஞ்சிர்' வெள்ளம். 'லிச்சின்' வழுக்கும். 'துங்கு' என்றால் பொறு, நில். இளம் வழிகாட்டியை நாம் இங்கே சொல்வதுபோல் அபாங் என்று கூப்பிட வேண்டாம், அங்கே 'மாஸ்'. வயதானவரை 'பாக்'. அவர் 'போக வேண்டாம்' என்றால் கொடுத்த காசை நினைத்து வாதாடாதீர்கள்.

பள்ளத்தாக்குச் சுவர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். சாம்பலும் கல்லும் இறுகி உண்டான சுவர் அது, மழை ஊறினால் பெயர்ந்து விழும். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம், எரிமலைத் தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் கொதித்தாலும் போகாது.

காலில் சிறு கீறல் இருந்தாலும் நீர்புகாப் பிளாஸ்திரி போடுங்கள். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "காட்டு ஓடையில் நடந்தேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைச் சோதிக்க அந்த ஒரு தகவல் அவருக்குத் தேவை.

துணியை நேரே சலவை இயந்திரத்தில் போட வேண்டாம். வாளியில் நான்கைந்து முறை அலசுங்கள். சாம்பல் மணல் அடியில் கறுப்பாக இறங்கும்.

சேர்க்கை 1: இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் விசா கேட்டிருந்தார். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு வேண்டாம். நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்தியக் கடப்பிதழ் என்றால் வேண்டும். விமான நிலையத்திலேயே 5,00,000 ரூப்பியா கட்டி எடுக்கலாம்.

சேர்க்கை 2: ஜாவாவின் மற்ற எரிமலைப் பகுதிகளான காவா இஜென், டியெங் பக்கமும் இதே முறையா என்று கேட்டார்கள். கடக்கும் முறை ஒன்றுதான், ஆனால் அங்கே தாழ்வான குழிகளில் நச்சு வாயு தங்கும். 1979-ல் டியெங்கில் வாயு வெளியேறி 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழிகாட்டி இல்லாமல் பள்ளத்தில் இறங்காதீர்கள்.

சேர்க்கை 3: "அம்மாவுக்கு 62 வயது, முட்டிவலி, கூட்டிப் போகலாமா?" தாராளமாகக் கூட்டிப் போங்கள், கீழே இறக்க வேண்டாம். மேலே காட்சி மேடையில் விடியற்காலையில் உட்கார வையுங்கள், ஃபிளாஸ்கில் தேநீர் கொடுத்து. வானம் தெளிவாக இருந்தால் அருவிக்குப் பின்னால் செமேரு முழுதாக நிற்கும். கீழே இறங்கிய நாங்கள் அதைப் பார்க்கவில்லை.