பதாகையில் உள்ள வீதத்தை நம்பாமல் பாடசாலையை மதிப்பிடுவது எப்படி?

இலங்கையில் பதினோராம் தரத்தோடு எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்ததும் பாடசாலை வாசலில் 'சித்தி 67 வீதம்' என்று பதாகை ஏறும். புதிய அதிபர், புதிய திட்டம், ஸ்மார்ட் வகுப்பறை எல்லாவற்றுக்கும் அதுவே சான்றாகிவிடும். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை பேரில் 67 வீதம் என்று சொல்லாததுதான் சிக்கல். பத்தாம் தரத்தோடு கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. மலையகத்தில் ஒரு பாடசாலையை எடைபோட விரும்பும் பெற்றோரும் அபிவிருத்திச் சங்கத்தாரும் முதலில் தேட வேண்டியது அந்தப் பிள்ளையின் பெயரை.

இடாப்பிலிருந்து தொடங்குங்கள்

2024ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. அந்த அணி 2019இல் ஆறாம் தரத்தில் இருந்தது. ஆகவே 2019இன் ஆறாம் தர இடாப்பை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன ஆனது என்று எழுதுங்கள்.

இடாப்பில் 60 பெயர் என்று வைத்துக்கொள்வோம். விடுகைப் பத்திரம் பெற்று வேறு பாடசாலைக்குப் போனவர்கள் 6 பேர், அவர்களைக் கழியுங்கள். மீதி 54. பரீட்சை எழுதியவர்கள் 42, உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 28. பதாகைக் கணக்கு 28/42, அதாவது 67 வீதம். உங்கள் கணக்கு 28/54, அதாவது 52 வீதம். இடையில் நிற்கும் 12 பேரும் படிப்பை விட்டவர்களா, பலவீனமானவர்கள் என்று ஒதுக்கித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதச் சொல்லப்பட்டவர்களா என்று லயத்துக்கே போய்க் கேளுங்கள். நடுவில் வந்து சேர்ந்தவர்களைத் தனி வரிசையில் எழுதுங்கள்.

'சித்தி' என்பதற்கு ஒரே வரைவிலக்கணம் வையுங்கள். தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தி, அவற்றில் 3 திறமைச் சித்தி என்ற உயர்தரத் தகுதியே பயனுள்ளது. கணிதத்தை எப்போதும் தனியாகப் பாருங்கள். சித்திக்குரிய 35 புள்ளி எடுக்காத ஒரே பாடம் அதுவாக இருந்தாலும் பிள்ளை தகுதியை இழக்கும். கணித ஆசிரியர் பதவி எத்தனை மாதம் வெற்றிடமாக இருந்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஆசிரியரே இல்லாத பாடத்தின் பெறுபேற்றை வைத்து எந்தச் சீர்திருத்தத்தையும் புகழவோ பழிக்கவோ முடியாது.

25 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் பெறுபேறு மாறினாலே 4 வீதம் ஏறி இறங்கும். அதனால் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், ஆனால் வீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். 18/24, 21/35, 16/20 என்றால் தலைகளைத்தான் கூட்ட வேண்டும்: 55/79, ஏறக்குறைய 70 வீதம்.

புலமைப்பரிசில் பரீட்சை

ஐந்தாம் தரத்தில் வெட்டுப்புள்ளியை, அதாவது புலமைப்பரிசிலுக்கான குறைந்தபட்சப் புள்ளியை, தாண்டியவர்களின் படங்களே பதாகையில் வரும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழி மூலத்துக்கும் ஏற்ப மாறுவது. அது கற்பித்தலின் அளவுகோல் அல்ல. 200இல் 70க்குக் கீழ், 70 முதல் 99, 100உம் அதற்கு மேலும் என்று பிரித்து எண்ணுங்கள். 70க்குக் கீழே உள்ள கூட்டம் குறைகிறதா என்பதே ஆரம்பப் பிரிவின் உண்மையான சோதனை. வினாத்தாளின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சென்ற ஆண்டுப் புள்ளியோடு ஒப்பிடாமல் அதே ஆண்டில் அதே கல்வி வலயத்தின் தமிழ்மூலப் பாடசாலைகளோடு ஒப்பிடுங்கள்.

அதிகப் புள்ளி எடுத்தவர்களை நகரப் பாடசாலைகள் ஆறாம் தரத்தில் அள்ளிக்கொள்கின்றன. பிறகு இரண்டு பாடசாலைகளின் சாதாரண தர வீதத்தை அருகருகே வைப்பது தோட்டப் பாடசாலைக்கு அநியாயம். ஐந்தாம் தரத்தில் 70 முதல் 99 எடுத்த பிள்ளைகளை இரண்டு இடத்திலும் பிரித்தெடுத்து, அவர்களில் எத்தனை பேர் உயர்தரம் போனார்கள் என்று பாருங்கள். பிள்ளையை வளர்த்தது எந்தப் பாடசாலை என்பது அப்போது தெரியும்.

பரீட்சைக்காகப் பாடசாலையே சுருங்குகிறதா என்றும் கவனியுங்கள். நான்காம் தரத்திலேயே சித்திரமும் விளையாட்டும் நின்று மாதிரி வினாத்தாள் மட்டும் ஓடினால், ஏறும் புள்ளி பழக்கத்தின் புள்ளி. பெறுபேற்றோடு வேலையும் வெகுமதியும் கட்டப்பட்ட அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஆசிரியர்களே பிள்ளைகளின் பிழையான விடைகளை அழித்துச் சரியானதாக மாற்றினார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர்.

இதற்கு மாற்று, நீங்களே செய்யும் சிறு சோதனை. மூன்றாம் தர இடாப்பில் ஒவ்வொரு மூன்றாவது பெயரையும் எடுங்கள். ஆசிரியர் தெரிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக இரண்டாம் தரப் புத்தகத்தின் ஒரு பந்தியை வாசித்து, 5 கழித்தல் கணக்குச் செய்யட்டும். ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் செய்யுங்கள், ஆனால் இரண்டாம் முறை வேறு பந்தி, அதே கடினம்.

நிர்வாகத்தை வெளியாருக்குக் கொடுக்கலாமா?

அமெரிக்காவின் சார்ட்டர் பாடசாலையை உதாரணம் காட்டுவோர் உண்டு. 1991இல் மினசோட்டா மாநிலச் சட்டத்தோடு தொடங்கிய முறை அது: பணம் அரசினுடையது, நிர்வாகம் தனிச் சபையினுடையது. இடத்துக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்தால் சீட்டுக் குலுக்கல். வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டபோது பொஸ்டனில் கணிதத்தில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. இணையவழிச் சார்ட்டர்கள் வேறு ஆய்வில் மிகவும் பின்தங்கின. பெயரால் எதுவும் தீர்வதில்லை. நமக்கோ இது புதிதும் அல்ல. 1970களின் பிற்பகுதியில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை பெரும்பாலான தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான், ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. யாராவது பொறுப்பேற்க வந்தால் அனுமதி எப்படி, விலக்கும் அதிகாரம் யாரிடம், கணக்கை யார் பார்ப்பார், இடையில் கைவிட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தரவு தர மறுத்தால்

அதிபரிடம் முதலில் நல்லவிதமாகக் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர்களை வெளியில் விடமாட்டோம் என்று உறுதி கொடுங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். 'பெறுபேறு பற்றிய விவரம்' என்று பொதுவாகக் கேட்டால் பதாகையில் உள்ளதே திரும்பி வரும். ஆண்டு, தரம், இடாப்பில் உள்ளோர், பரீட்சை எழுதியோர், பாடவாரிச் சித்தி, பாடவாரி ஆசிரியர் வெற்றிடம் என்று தனித்தனி எண்ணிக்கையாகக் கேளுங்கள்.