முடிச்சின் மேல் டிசால்வ் வேண்டாம்

நாகர்கோவிலில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யத் தொடங்கிய முதல் வருடம். மாப்பிள்ளை இரண்டு முடிச்சுகளைப் போட்டுவிட்டார்; மூன்றாவதைப் போட நாத்தனாரின் கை வருகிறது. அங்கிருந்து அட்சதை தூவும் காட்சிக்குப் போக, ஒரு விநாடி கிராஸ் டிசால்வ் வைத்தேன்; அதாவது ஒரு காட்சி மங்க மங்க, அதன்மேலேயே அடுத்தது தெளிந்து வரும் மாற்றம். முடிச்சு இறுகும் நேரத்தில் யாரோ ஒரு பெரியவரின் கை அதன்மேல் நிழலாகப் படர்ந்தது. பெண்ணின் அம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, "முடிச்சு தெரியவில்லையே தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டிசால்வ் போன்ற காட்சி மாற்றங்களை, அதாவது டிரான்சிஷனை, இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே ஒட்டும் பசை என்று பலர் நினைக்கிறார்கள். அது தனக்கு வேண்டிய நேரத்தை அந்தக் கிளிப்புகளிலிருந்தேதான் எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் வீடியோவில், இரண்டு கிளிப்புகள் சேரும் வெட்டை நடுவாக வைத்து ஒரு விநாடி டிசால்வ் போட்டால், முதல் கிளிப் வெட்டைத் தாண்டியும் சுமார் 12 ஃபிரேம் ஓட வேண்டும். அடுத்த கிளிப்பும் வெட்டுக்கு அதே அளவு முன்னதாகவே தொடங்க வேண்டும். அந்த உபரி இல்லையென்றால் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள் எச்சரித்துவிட்டு, கடைசி ஃபிரேமையே திரும்பக் காட்டும். நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று சிலையாகிவிடுவார். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு மென்பொருள், கிளிப்பின் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்கும். யோசிக்காமல் சம்மதித்தால், நீங்கள் காப்பாற்ற நினைத்த நொடியே அந்த ஓரத்தில் போய்விடலாம்.

இதற்கு மருந்து படப்பிடிப்பிலேயே இருக்கிறது. முடிச்சு விழுந்ததும் கேமராவை நிறுத்தாமல், மூன்று விநாடி கூடுதலாக ஓடவிடச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் முடிச்சு இறுகி, கை விலகிய பிறகு நேராக வெட்டுங்கள். அங்கே வேறு எதுவும் தேவையில்லை.

கன்னியாகுமரி கடற்கரைக் காட்சிகளில் வேறொரு வம்பு. விவேகானந்தர் பாறையை இரண்டு இடங்களிலிருந்து எடுத்து டிசால்வ் செய்தால், ஒன்றில் தொடுவானம் மேலேயும் மற்றதில் கீழேயும் இருக்கும். மாறும் நேரம் முழுவதும் கடலில் இரண்டு கோடுகள் தெரியும். ஒரு கிளிப்பைச் சற்றே பெரிதாக்கி, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி நகர்த்துங்கள். முடியாவிட்டால் நேர்வெட்டுதான் நல்லது. டிசால்வ் பொதுவாக நேரம் கழிவதைச் சொல்லும். காலையில் கடலில் எழுந்த சூரியன் மாலையில் கடலிலேயே இறங்குவதைக் காட்ட, இரண்டு மூன்று விநாடி டிசால்வ் மிக அழகு. ஆனால் ஒரே மேடையில் ஒரே நிமிடத்தில் நடப்பவற்றுக்கு இடையே அதை வைத்தால், நடுவில் ஏதோ விட்டுப்போனதுபோல் இருக்கும்.

சுழன்று வருவது, பக்கம் புரள்வது, இதய வடிவில் திறப்பது போன்ற தயார் வகைகளை ஒரு வீடியோவில் பத்து இடங்களில் போடாதீர்கள். கால்வாய் நீரைக் கொண்டுபோகும் நீளமான மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கேமரா முன்னோக்கி நடந்துபோகும்போது, அந்த நீளமே பார்ப்பவரை இழுத்துப்போகும். நடுவே படம் சுழன்றால் பாலம் துண்டாகிவிடும்.

படத்துக்கு டிரான்சிஷன் வைத்தால் ஒலியும் தானாக இழைந்துவிடும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலான மென்பொருள்களில் ஒலிக்குத் தனியாக வைக்க வேண்டும். வெட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால், இரண்டு மூன்று ஃபிரேம் ஃபேட் (ஒலி மெல்லக் குறைவது அல்லது கூடுவது) போதும். அலையோசைக்கு ஒரு விநாடிகூடத் தாராளமாகக் கொடுக்கலாம். நாதஸ்வரத்தை மட்டும் ராகத்தின் நடுவே மங்கவிடாதீர்கள். இரண்டு இசை ஒன்றோடொன்று மோதும். ஒரு வரி முடியும் இடத்தைக் காதால் கேட்டுப் பிடியுங்கள். கெட்டிமேளத்தைப் படம் மாறுவதற்கு அரை விநாடி முன்பே ஒலிக்கவிட்டால், அடுத்த காட்சி நேர்வெட்டில் வந்தாலும் உறுத்தாது.