சப்பாத் சாப்பாட்டைச் சூடாக வைப்பது எப்படி? யூத வீட்டுச் சமையலறைக்குப் புதியவர்களுக்கு

இஸ்ரேலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்களை முதல் வாரமே திணறவைப்பது வெள்ளிக்கிழமைச் சாயங்காலச் சமையலறைதான். வெள்ளி மாலை தொடங்கும் சப்பாத், யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைவதற்குள் சமையல் முடிய வேண்டும். சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அடுப்பைத் திருகக் கூடாது. ஆனால் சனி மதியம் சூடான சாப்பாடு மேசைக்கு வந்தே ஆக வேண்டும். விதிகள் ஏராளம். அடிப்படைக் காரணம் பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவற்றை நாமே ஊகிக்கலாம்.

முதலில் காரணம்

ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது பைபிளின் யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளை. ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு 39 வகையாகப் பிரிக்கிறது. நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் அதில் சேர்த்தி. முன்பே மூட்டிய நெருப்பின் மேல், முன்பே வெந்த உணவு இருப்பதில் தவறில்லை. யூத மதகுருக்களான ரபிகளின் கவலை வேறு: சூடு போதவில்லை என்று யாராவது மறதியாகக் கரியைக் கிளறிவிட்டால்? அதனால் கரியை வாரி எடு, இல்லையென்றால் சாம்பலால் மூடு என்றார்கள். இன்றைய விதிகள் பலவும் இந்தக் கவலையிலிருந்து வந்தவைதான்.

ரபிகளின் விளக்கத்தை ஏற்காத யூதப் பிரிவினரான கராயிட்டுகள் அந்த வசனத்தை வேறு மாதிரிப் படித்தார்கள். முன்பே மூட்டிய நெருப்பும் எரியக் கூடாது என்று சொல்லி, ஆறிய உணவையே சாப்பிட்டார்கள். அதனால் ரபிகளின் வழியில் நிற்பவர்களுக்குச் சூடான உணவு ஓர் அடையாளமாகவே ஆயிற்று. சப்பாத்தில் சூடான உணவைத் தவிர்ப்பவர் வழிதவறியவரா என்று விசாரிக்க வேண்டும் என 12ஆம் நூற்றாண்டு ரபி செராஹியா ஹலேவி எழுதினார். முதலாளியம்மா சூட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

படி 1: வெள்ளி மதியமே அடுப்பில் ஏற்றுங்கள்

பெரும்பாலான ஊர்களில் சூரிய மறைவுக்கு 18 நிமிடம் முன்பு சப்பாத்தைத் தொடங்கும் விளக்கை ஏற்றுவார்கள், எருசலேமில் 40 நிமிடம் முன்பு. அதற்குள் உணவு முழுதாக வெந்திருப்பதே நல்லது. அவசரத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் உண்டு. பென் துரோசாய் என்ற கொள்ளைக்காரன் அரைவேக்காட்டிலேயே சாப்பிடுவானாம். ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் அதையே அளவாக வைத்தது. அது மூன்றில் ஒரு பங்கு வேக்காடு என்றார் இடைக்கால உரையாசிரியர் ராஷி, பாதி என்றார் இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். புதியவர்கள் இந்த எல்லைவரை போக வேண்டாம்.

அடுப்பை நீங்கள் பற்றவைக்காதீர்கள். யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்ததைச் சாப்பிடுவதில் யூதர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) வீடுகளில் யூதர் ஒருவர் அடுப்பை மூட்டினாலே போதும். செபார்தி (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி யூதர்) வீடுகளில் பாத்திரத்தையும் அவர்களே ஏற்றுவார்கள்.

படி 2: நெருப்பை மூடுங்கள்

சாம்பலின் இடத்தில் இன்று இருப்பது பிளெக் என்ற உலோகத் தகடு. அடுப்பு முழுவதையும், முடிந்தால் திருகுகளையும் சேர்த்து மூடுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். இஸ்ரேலில் பெரும்பாலும் பிளாட்டா என்ற மின்தட்டுதான். அதில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகே கிடையாது என்பதால், மூடிய அடுப்பாகவே பலர் அதைக் கருதுகிறார்கள். தட்டின் நடுவும் ஓரமும் ஒரே சூட்டில் இருக்காது. வாரநாளிலேயே தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனி மதியத்துக்கான ஹமின் என்ற குழம்பை நடுவில் வையுங்கள். பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி, நடுவே ஓட்டோடு முட்டை. இரவெல்லாம் கிடந்து முட்டையின் வெள்ளைக்கருவும் பழுப்பேறி, குழம்பின் மணம் உள்ளே இறங்கியிருக்கும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிடுங்கள். சனி காலை வற்றிப்போனால், கொதிநீர்க் கலத்திலிருந்து சூடான நீர் ஊற்றச் செபார்தியரில் சிலர் அனுமதிப்பார்கள். அஷ்கெனாசியரிடையே கருத்து வேறுபடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: போர்த்தாதீர்கள்

நல்லெண்ணத்தோடு பலர் தவறுவது இங்கேதான். பிளாட்டாமேல் இருக்கும் பாத்திரத்தைத் துண்டால் சுற்றிலும் போர்த்துவது வெள்ளிக்கிழமையே செய்தாலும் கூடாது. மூடிமேல் மட்டும் துண்டு போடலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைச் சப்பாத் தொடங்குமுன் போர்த்திவைக்கலாம், தொடங்கிய பிறகு புதிதாகப் போர்த்தக் கூடாது. உள்பாத்திரத்தைச் சுற்றிலும் சூடான சுவர் இருக்கும் மெதுசமையல் பானையையும் சில ரபிகள் போர்த்தலாகவே பார்க்கிறார்கள். அதனால் அடியில் அலுமினியத் தாள் உருண்டைகளை வைத்து உள்பாத்திரத்தைச் சற்று உயர்த்துவார்கள்.

படி 4: பரிமாறும்போது

அடுப்பில் இருக்கும்போதே கரண்டியை விடக் கூடாது. கிளறுவது சமைப்பதில் சேரும். பாத்திரத்தை இறக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மிச்சத்தைத் திரும்ப ஏற்ற வேண்டுமானால் ஐந்தும் பொருந்த வேண்டும்: நெருப்பு மூடியிருக்க வேண்டும், உணவு முழுதாக வெந்திருக்க வேண்டும், இன்னும் சூடாக இருக்க வேண்டும், திரும்ப வைக்கும் எண்ணத்தோடு இறக்கியிருக்க வேண்டும், பாத்திரத்தைக் கையிலிருந்து விட்டிருக்கக் கூடாது. மேசைமேல் வைத்தாலும் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே பரிமாறுவதை நீங்கள் பார்க்கலாம்.

படி 5: குளிர்பெட்டியிலிருந்து எடுப்பவை

முழுதாக வெந்த உலர்ந்த உணவை, வறுத்த கோழி போன்றவற்றை, மறுபடி சூடாக்குவது சமையல் ஆகாது. ஆனால் பார்வைக்குச் சமைப்பதுபோல் இருக்கக் கூடாது என்பதால், பிளெக்கின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பார்கள். பல செபார்தி வீடுகளில் நேராகப் பிளாட்டாமேலேயே வைப்பார்கள். ஆறிய சூப், குழம்பு போன்றவற்றைச் சூடாக்குவதை இரு சாராருமே பொதுவாகத் தடுக்கிறார்கள். மைமோனிடிஸைப் பின்பற்றும் ஏமன் யூதர்கள் முழுதாக வெந்த நீர்த்த உணவையும் சூடாக்குவதுண்டு. அதனால் முந்தைய வீட்டில் கற்றதை அடுத்த வீட்டில் அப்படியே செய்துவிடாதீர்கள்.

படி 6: தேநீர்

கொதிநீர்க் கலத்தை வெள்ளியன்றே நிரப்பிக் கொதிக்கவைத்துவிட வேண்டும். சப்பாத்தில் அதிலிருந்து ஈரமில்லாத ஒரு குவளையில் பிடித்து, இரண்டாவது குவளைக்கு மாற்றிச் சூட்டைத் தணிப்பார்கள். தேயிலை சட்டென வெந்துவிடும் பொருள் என்பதால், பலர் மூன்றாவது குவளையில்தான் அதைப் போடுவார்கள். தேயிலைச் சாற்றை முந்தின நாளே தயாரித்து வைத்துக்கொண்டால் வேலை மிச்சம். எவ்வளவு சூடு இருந்தால் சமைக்கும் என்பதற்கு, கை சட்டென இழுத்துக்கொள்ளும் சூடு என்பதே அளவு. எச்சரிக்கையாக 45 டிகிரி செல்சியஸ் என்று கணக்கிடுவார்கள்.

படி 7: உங்களுக்கு மட்டும் சில எச்சரிக்கைகள்

தட்டு அணைந்து சாப்பாடு ஆறிப்போனால், இரக்கப்பட்டு நீங்களாகவே சூடாக்கிவிடாதீர்கள். அவர்களுக்காகச் செய்த வேலை என்பதால் அந்த உணவை அவர்களால் தொட முடியாமல் போய்விடும். பேசாமல் ஆறியதையே பரிமாறுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதிகள் எல்லாம் விலகி நிற்கும். இது சலுகை இல்லை, சட்டத்தின் கட்டளை. நியூயார்க்கின் புரூக்ளினில் 2015 மார்ச்சில் சப்பாத் மின்தட்டிலிருந்து பரவிய தீயில் ஒரே குடும்பத்தின் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். தட்டின் வயரை வெள்ளி மதியமே பாருங்கள். அருகில் திரைச்சீலை, காகிதம் எதுவும் வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவியைச் சோதித்துவிடுங்கள். தீப்பிடித்தால் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்காமல், எல்லோரையும் வெளியே கூட்டிவந்து தீயணைப்புத் துறையை அழையுங்கள். இஸ்ரேலில் எண் 102.