இடுப்பெலும்பு: படம் பார்த்தல்ல, தொட்டுப் படிப்போம்

இடுப்பெலும்பைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகும். எலும்பு உங்களிடமே இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நில்லுங்கள். இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்ற மூன்று பெயர்கள் மட்டும் நினைவில் இருந்தால் போதும். இந்த மூன்றும் வளரும் வயதில் ஒன்றாகி, ஒரு பக்கத்து இடுப்பெலும்பு ஆகின்றன.

முதலில் இலியம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றினால் எந்த விளிம்பில் உட்காருமோ, அதுதான் இதன் மேல்விளிம்பு. இரு பக்க உச்சிகளையும் கோடு போட்டு இணைத்தால், அது நான்காம் இடுப்பு முள்ளெலும்பையொட்டிப் போகும். முதுகில் மயக்க ஊசி போடுமுன் மருத்துவர் தடவித் தேடுவது இந்தக் கோட்டைத்தான்.

விரலை விளிம்போடு முன்னால் நகர்த்துங்கள். ஒரு முனையில் முட்டும். இலியத்தின் முன்மேல் முனை இது, ஆங்கிலச் சுருக்கமாக ஏ.எஸ்.ஐ.எஸ். என்பார்கள். இங்கே தொடங்கும் சார்டோரியஸ் தசை, தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலுக்குக் கீழே உட்புறம் ஒட்டுகிறது. உடம்பின் மிக நீளமான தசை இது. லத்தீனில் ‘சார்டர்’ என்றால் தையல்காரர். சம்மணமிட்டுத் தைத்தவர்கள் அல்லவா! முனைக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துக்கொண்டு, அதே காலைச் சம்மணத்துக்கு மடக்குவதுபோல் தூக்குங்கள். கயிறுபோல் விடைக்கும். பதின்வயதில் இந்த முனை முழுதாக எலும்போடு சேர்ந்திருக்காது. அதனால் வேகமாக ஓடும்போதோ பந்தை ஓங்கி உதைக்கும்போதோ தசை இழுத்து முனையே பெயர்ந்துவிடுவதுண்டு.

இனி பலகை நாற்காலியில் உட்காருங்கள். புட்டத்துக்கு அடியில் கையை விட்டால் உறுத்தும் குமிழ், இஸ்கியம். நிற்கும்போது புட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மேக்சிமஸ் இதை மூடியிருக்கும், உட்கார்ந்தால் விலகிக்கொள்ளும். குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னுக்கு இழுங்கள். குமிழருகே இறுகுவது ஹாம்ஸ்ட்ரிங் எனும் பின்தொடைத் தசைத் தொகுதி. அவற்றில் ஒன்றான பைசெப்ஸ் ஃபெமோரிஸின் இரு தொடக்கங்களில் குட்டையானது (குட்டைத் தலை) மட்டும் இங்கே தொடங்காது, தொடையெலும்பில் தொடங்கும். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ள ஏற்ற இடம்!

பியூபிஸ் சுலபம். தொப்புளுக்கு நேர் கீழே, அடிவயிறு முடிகிற இடத்தில் தட்டுப்படும் எலும்பு. மேலிருந்து வயிற்றின் ரெக்டஸ் தசை வந்து சேரும். கீழே உள்தொடைத் தசைகள் தொடங்கும். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து நெருக்கினால் அவை தெரியும்.

கடைசியாக, கண்ணாடி முன்னால் ஒற்றைக்காலில் நில்லுங்கள். ஊன்றிய காலின் பக்கம், இலிய விளிம்புக்குக் கீழே கல்லாக இறுகுவது குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசை. அது வலுவிழந்திருந்தால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே சரியும். உங்களுக்கு எந்தப் பக்கமாவது சரிகிறதா, பாருங்கள்.