நமக்குப் பிறகு பிள்ளைக்கு யார்? டிரஸ்ட் எழுதும் வழி

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைக்காக நம் பக்கத்துப் பெற்றோர் பலர் செய்வது, சொத்தை மூத்தவன் பெயரில் எழுதிவிட்டு "தம்பியைப் பார்த்துக்கப்பா" என்பதுதான். மூத்தவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்குக் கடன் வந்தால் அந்தச் சொத்தும் சேர்ந்து போகும். டிரஸ்ட் எழுதினால் சொத்து டிரஸ்டியின் (அதை நிர்வகிக்க நாம் நியமிப்பவரின்) பொறுப்பில் இருக்கும், பலன் பிள்ளைக்குச் சேரும்.

படி 1: பாதுகாவலர்

18 வயது முடிந்த பிள்ளைக்கு அப்பா அம்மாகூடத் தானாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மதுரையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். முதுமை மறதி நோய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: டிரஸ்டிகள்

குறைந்தது இரண்டு பேர் வையுங்கள். பிள்ளைக்குப் பிறகு சொத்து யாருக்குப் போகுமோ, அவரை மட்டும் தனி டிரஸ்டியாகப் போடாதீர்கள். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அடுத்து யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

படி 3: பத்திரம்

இங்கேதான் நிதானம் வேண்டும். மேலூர்ப் பக்கம் வயலும் டவுனில் ஒரு வாடகைக் கடையும் இருக்கிறது என்று வையுங்கள். குத்தகைப் பணமும் வாடகையும் எந்தக் கணக்கில் விழ வேண்டும், வயலை விற்க யார் யார் கையெழுத்து வேண்டும், கணக்கை யார் சரிபார்ப்பது, எல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். "பிள்ளையின் நலனுக்காகச் செலவு செய்யலாம்" என்று மொட்டையாக விடாதீர்கள். வலிப்பு மாத்திரை, பல் வைத்தியம், கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளம், சித்திரைத் திருவிழாவுக்குப் புதுத்துணி என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். கஞ்சத்தனமான டிரஸ்டி கையில் பிள்ளை மாட்டினாலும் அந்த வரிகள் காப்பாற்றும்.

வீடு, நிலம் இருந்தால் 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றோடு சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். இப்போதைக்குச் சின்னத் தொகையில் தொடங்கி, மீதியை உயில் வழியாக டிரஸ்டுக்கு எழுதி வைப்பதும் உண்டு.

படி 4: பான் கார்டு, வங்கிக் கணக்கு

இரண்டும் டிரஸ்ட் பெயரில் வேண்டும். பிள்ளையின் பணம் டிரஸ்டியின் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

அப்புறம், பத்திரத்தில் வராத ஒன்று. எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், மாத்திரையை எதில் கலந்து கொடுத்தால் விழுங்குவான், கோபம் வந்தால் யார் பேச்சைக் கேட்பான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டிரஸ்டிகளிடமும் பாதுகாவலரிடமும் ஆளுக்கொரு நகல் இருக்கட்டும். மருந்து மாறும்போதெல்லாம் அதையும் திருத்திக் கொடுங்கள்.